தண்ணீருக்குள் ஐந்து விநாடி

என் மனைவியின் அண்ணன் ஜெயிலுக்குப் போகப்போகிறார் என்ற செய்தி வந்தபோது நான் நானூற்றுப் பன்னிரண்டாவது ரெகுலேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டேன். நானூற்றுப் பதிமூன்றாவதை எடுத்தேன்.

செய்தியைக் கொண்டுவந்தது ஸ்க்ரூ அக்கா. கழிப்பறைக்குப் போகிற சாக்கில் என் மேஜைப் பக்கம் வந்து, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தாள்.

"துணி, விஷயம் தெரியுமா? உன் மச்சானை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காங்க. போன மாசம் ஒரு வீட்டுல காஸ் கசிஞ்சு அடுப்படியே பத்திக்கிச்சாம். ஒரு டீச்சரம்மாவுக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. ரெகுலேட்டர் நம்ம கம்பெனியோடது."

"ம்."

"என்ன ம்? போலீஸ் கேஸ் ஆகப்போகுது. கசிவு பார்த்துப் பாஸ் பண்ணது உன் மச்சான்தானே? உள்ள தள்ளிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க."

"கேட்டுச்சு அக்கா."

"உன்கிட்ட பேசுறதுக்கு இந்த பெல்ட்டுகிட்ட பேசலாம். அதாவது கிறீச்சுனு ஒரு சத்தம் குடுக்கும்."

அவள் போய்விட்டாள். பெல்ட் கிறீச்சென்றது.

எங்கள் ஆலையில் காஸ் சிலிண்டரின் தலையில் மாட்டுகிற ரெகுலேட்டர் தயாராகிறது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வேலை. ஒருத்தர் ரப்பர் வாஷரை வைப்பார். அவர் பெயர் வாஷர். நான்கு திருகாணிகளை முடுக்குகிறவள் ஸ்க்ரூ அக்கா. ஒன்பதாவது இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர். ரெகுலேட்டருக்குள் காற்றை ஏற்றி, அந்தத் தண்ணீரில் ஐந்து விநாடி முக்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. தூக்கி ஓரமாகப் போட வேண்டும். வராவிட்டால் பச்சை மையில் ஒரு புள்ளி வைத்துத் தட்டில் வைக்கலாம். அந்த வேலை என் மச்சானுடையது. அவரைக் குமிழி என்பார்கள். பத்தாவது ஆள் எண் பொறிப்பார்; அதற்குள் மை காய்ந்துவிடும். பதினோராவது ஆள் ஈரத்தையும் எண்ணெயையும் துடைத்துப் பளபளப்பாக்குவான்; அவன் பெயர் துணி. அது நான். ஒன்பது வருஷமாக நான்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்கும். தலையில் சுருட்டை விக் வைத்த, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தத்துவஞானி. அதை மாட்டியது எங்கள் மேலாளர். கையில் எப்போதும் ஸ்டாப் வாட்ச் வைத்திருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரையும் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க வைத்து அவர் ஒரு பாடம் நடத்துவார். "இந்தப் பெரியவர் ஒரு குண்டூசிப் பட்டறையைப் பத்திச் சொன்னார். ஒருத்தன் தனியா உட்கார்ந்து செஞ்சா ஒரு நாளைக்கு இருபது குண்டூசி தேறாது. அதே வேலையைப் பத்துப் பேர் கூறு போட்டுக்கிட்டா நாற்பத்தெட்டாயிரம்! ஒருத்தன் கம்பியை இழுப்பான், ஒருத்தன் வெட்டுவான், ஒருத்தன் கூர் பண்ணுவான். உலகத்துல இருக்கிற அத்தனை பணக்கார நாடும் இதை வச்சுத்தான் எழுந்து நின்னுச்சு. புரியுதா?"

எங்களுக்குப் புரிந்தது இதுதான்: எழுந்து நின்றது நாடு, உட்கார்ந்தே இருக்கப்போவது நாங்கள். படத்துக்குக் குண்டூசித் தாத்தா என்று பெயர் வைத்தோம்.

மச்சானைக் கூப்பிட்டது எந்த நாளின் ரெகுலேட்டருக்காக என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. எண்ணைப் பார்த்தால் நாள் தெரியும், மணியும் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள்.

அந்த ஒரு மணி நேரம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது மச்சான் இல்லை. நான்.

இது பதிவேட்டில் இருக்காது. பதிவேட்டைப் பொறுத்தவரை ஒன்பதாவது இடத்தில் எந்நாளும் குமிழி, பதினோராவது இடத்தில் எந்நாளும் துணி. ஆனால் மேலாளர் தினமும் இரண்டு மணிக்கு மாடியில் மீட்டிங் போவார். மூன்று மணிக்குத்தான் இறங்குவார். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் நாற்காலி மாறிக்கொள்வோம். ஆரம்பித்து வைத்ததே மச்சான்தான். நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் அவருக்குக் குமிழி தெரிய ஆரம்பித்திருந்தது. "மாப்ளே, ஒரு மணி நேரம் இங்க உட்காருடா. நான் போய்த் துடைக்கிறேன். இல்லேன்னா நான் வீட்டுல தம்ளர் தண்ணியைக்கூடப் பாஸ் பண்ணித்தான் குடிப்பேன்" என்றார். அதைப் பார்த்து வாஷரும் ஸ்க்ரூ அக்காவும் மாறினார்கள். பிறகு பன்னிரண்டு பேரும். ஆறு வருஷமாக நடக்கிறது. யாரும் மூச்சுவிட்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பேருக்குப் பதினோரு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மணியில் தொட்டியில் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாஷர்தான் பேசினார். எங்களில் மூத்தவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. "அன்னிக்கு வந்த ரப்பர் பூரா மட்டம். நான் அப்பவே சொன்னேன். ஆனா மட்டமான ரப்பரைப் பிடிக்கத்தானே தொட்டி இருக்கு? இப்போ நாற்காலி விஷயம் வெளிய வந்தா, பதிவேடே பொய்ன்னு ஆகும். லைசென்ஸ் போகும். பன்னிரண்டு வீட்டுல அடுப்பு அணையும்."

"அதுக்காக அந்த மனுஷன் உள்ள போகணுமா?" என்றாள் ஸ்க்ரூ அக்கா.

"நான் அப்படிச் சொல்லலையே."

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

வாஷர் கை கழுவப் போனார். நான் சாப்பிட்டு முடித்தேன். மிச்சம் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபின் அவளைப் படிக்க வைத்தது, அந்த வேலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது, என்னைப் பிடித்துக் கட்டி வைத்தது எல்லாம் மச்சான்தான். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"அண்ணா போன் பண்ணாருங்க. கண்ணு அசந்துட்டேன்னு ஒத்துக்கிட்டாராம்."

"ஓ."

"அவர் கண்ணு அசருற ஆளா? எனக்குக் காய்ச்சல் வந்தா விடிய விடிய தெர்மாமீட்டரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தவர். அன்னிக்கு உங்களுக்கு எதுவும் தெரியலையா? ரெண்டு நாற்காலி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தீங்க?"

"நான் துடைச்சுக்கிட்டு இருந்தேன்."

வாய் அதுவாகச் சொன்னது. பொய் சொன்னால் நெஞ்சு படபடக்கும், நாக்கு ஒட்டும் என்பார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை. சாயங்காலச் செய்தியில் அந்த டீச்சரின் படத்தைக் காட்டினார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். கட்டு வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. இதைச் செய்தது நீ என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

"நாள் பூரா பல்லுக்கு மரத்துப்போற ஊசி போடுறதைப் பார்க்கிறேன்," என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்து. "ரெண்டு மணி நேரத்துல அவங்களுக்கெல்லாம் தெளிஞ்சிடுது. உங்களுக்கு எவன் போட்டான்னே தெரியலை."

பிறகு எழுந்து சாப்பாடு எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. மாடியில் ஆபீஸ் ரூம். என்னைக் கூப்பிட்டது சாட்சிக் கையெழுத்துக்காக: 'குமிழி பார்க்கிறவர் அந்த நாள் தன் இடத்தில் இருந்தார்' என்று பக்கத்தில் வேலை பார்க்கிற ஒருத்தர் எழுதித் தர வேண்டுமாம். மேலாளர் என் பெயரைக் கொடுத்திருந்தார். சொந்தக்காரன் கையெழுத்துப் போட்டால் பின்னால் யாரும் வாய் பேச முடியாது என்ற கணக்கு.

உள்ளே விசாரணை அதிகாரி. அரசுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண்மணி. கயிறு கட்டிய கண்ணாடி மார்பில் தொங்கியது. பக்கத்தில் மேலாளர். மேஜையில் பிளாஸ்டிக் தொட்டி, அதில் தண்ணீர், காற்றுக் குழாய், பச்சை மை, ஒரு ரெகுலேட்டர். ஓரத்தில் ஒரு நாற்காலியில் மச்சான், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றப்பட்டுப் பிறகு இறக்கப்பட்ட பையன் மாதிரி.

"உட்காருங்க. ஒரு நிமிஷம்," என்றார் அதிகாரி என்னிடம். பிறகு மச்சானிடம், "கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அன்னைக்கு ரெண்டுலேர்ந்து மூணு மணிக்குள்ள செஞ்ச நூத்தி எண்பது பீஸ்ல நூத்தி நாற்பது திரும்பி வந்திருக்கு. எல்லாத்தையும் எண் வரிசையில அடுக்கிப் பார்த்தேன். முதல் அறுபது வரைக்கும் பச்சைப் புள்ளி நல்லா உருண்டையா இருக்கு. அதுக்கப்புறம் வந்த எல்லாத்துலயும் புள்ளி கலைஞ்சு இழுபட்டிருக்கு. ஒரே பக்கமா. கசியுறது எல்லாம் இந்தக் கலைஞ்ச கூட்டத்துலதான். ஏன்?"

"கை பட்டிருக்கும் மேடம்."

"அத்தனை பீஸ்லயுமா?"

"எனக்குக் கை கொஞ்சம் நீளம் மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. மேலாளர் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார். "அவர்தான் ஒத்துக்கிட்டாரே மேடம். இன்னும் என்ன இருக்கு?"

"எங்க, ஒரு பீஸ் செஞ்சு காட்டுங்க," என்றார் அதிகாரி மச்சானிடம்.

மச்சான் எழுந்து வந்தார். குழாயை மாட்டினார், காற்றை ஏற்றினார், முக்கினார். அவர் உதடு அசைந்தது: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கண் தண்ணீரை விட்டு நகரவில்லை. எடுத்தார். புள்ளி வைத்தார். பச்சைப் பட்டாணி மாதிரி உருண்டையான புள்ளி. சொட்டச் சொட்ட மேஜையில் வைத்தார்.

என் கை போனது.

நான் அனுப்பவில்லை. சட்டைப் பையிலிருந்த கைக்குட்டை எப்போது என் விரலுக்கு வந்தது என்றும் தெரியாது. ஈரமான ரெகுலேட்டரைப் பார்த்ததும் என் வலது கை மேஜை மேல் நீண்டு, அதைப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு இழுத்தது. புள்ளி கலைந்தது.

மேலாளரின் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"பழக்கம் மேடம்," என்றேன். "நான் துடைக்கிறவன்."

"தெரியுது." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெகுலேட்டரை எடுத்து, தன் பையிலிருந்த, திரும்பி வந்த பீஸ் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அந்த ஒரு மணி நேரமும் உங்க பழக்கம் எங்க உட்கார்ந்திருந்துச்சு?"

மச்சான் சட்டென்று குறுக்கே விழுந்தார். "மாப்ளே, கையெழுத்தைப் போட்டுட்டுக் கீழ போ. லைன்ல வேலை கிடக்கு."

"ஆமா, போப்பா," என்றார் மேலாளர். கதவைக்கூடத் திறந்துவிட்டார்.

திறந்த கதவு வழியே படிக்கட்டு தெரிந்தது. பேனா என் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டு, படியிறங்கி, என் நாற்காலிக்குப் போனால் எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. அடுத்த பீஸை எடுக்கிற மாதிரி அந்தக் கையெழுத்தையும் போட்டுவிட முடியும். அது தெரிந்ததும்தான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்குத் தொட்டியில இருந்தது நான்தான் மேடம். அவர் என் இடத்துல இருந்தார். ஆறு வருஷமா, தினமும் ரெண்டு மணிக்குப் பன்னிரண்டு பேரும் மாத்திக்குவோம்."

"பொய்!" என்றார் மச்சான். "என்னைக் காப்பாத்தச் சொல்றான். தங்கச்சி அழுதிருப்பா. இவனுக்குத் தொட்டி வேலை அ ஆ கூடத் தெரியாது மேடம்!"

மேலாளர் கதவைச் சாத்தினார். ஒரு தொழிலாளியின் அசட்டை என்றால் கம்பெனிக்கு ஒரு நஷ்டஈடு, முடிந்தது. பன்னிரண்டு நாற்காலியும் ஆறு வருஷமாகப் பொய் என்றால் அவர் தலையே உருளும்.

"சொல்றது ஈஸி," என்றார் என்னிடம். "செஞ்சு காட்டு. நீ உட்கார்ந்தா தப்பு வருதான்னு பார்ப்போம்."

உட்கார்ந்தேன். முக்கினேன். ஐந்து எண்ணினேன். எடுத்தேன், உருண்டையாகப் புள்ளி வைத்தேன், தட்டில் வைத்தேன். கை துணிக்குப் போகவில்லை. இன்னொன்று. அதுவும் சுத்தம். பத்துப் பீஸ். பத்தும் மச்சான் செய்த மாதிரியே இருந்தது.

மேலாளர் பெருமூச்சு விட்டார். "பார்த்தீங்களா மேடம்? தங்கமான வேலை. இவன்கிட்ட தப்பே வராது."

"கவனிச்சுச் செஞ்சா வராதுதான்," என்றார் அதிகாரி. "கவனிச்சு எத்தனை பீஸ் செய்ய முடியும்னுதான் எனக்குத் தெரியணும். கீழேயிருந்து நூறு பீஸ் கொண்டுவரச் சொல்லுங்க. கசியுற அஞ்சு பீஸ் என்கிட்ட இருக்கு. நடுநடுவுல கலந்து விடுறேன். சார், உங்க வாட்ச்சைக் கொஞ்சம் குடுங்க."

மேலாளர் வாட்ச்சைக் கொடுத்தார். ஒரு உறுப்பைக் கழற்றிக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார்.

நான் ஆரம்பித்தேன். அதிகாரி எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"படம் ஒண்ணு கீழ மாட்டியிருக்கே, அவரைத் தெரியுமா?"

"குண்டூசித் தாத்தா மேடம்."

மேலாளர் கனைத்தார். அதிகாரிக்கு முதல் முறையாக உதடு விரிந்தது. "நான் காலேஜ்ல பொருளாதாரம் படிச்சேன். அந்தத் தாத்தா குண்டூசியைப் பத்திச் சொன்னது ஆரம்பத்துலயே வந்துடும். எல்லாரும் படிச்சிருப்பாங்க. ரொம்பத் தள்ளிப் போய் இன்னொண்ணு சொல்லியிருக்கார். ஒரே ஒரு சின்ன வேலையை வாழ்நாள் பூரா செய்யுறவனுக்கு மூளையை உபயோகிக்க வாய்ப்பே வராது. போகப்போக யோசிக்கிற பழக்கமே அவனை விட்டுப் போயிடும், நல்லதா ஒரு உணர்ச்சிகூட வராதுன்னு. அரசாங்கம் பார்த்து ஏதாவது செய்யலேன்னா உழைக்கிற ஜனம் பூரா இப்படித்தான் ஆகும்னு எச்சரிச்சார். பள்ளிக்கூடம் வேணும்னார். அதே மனுஷன்தான்."

"அது வேற சந்தர்ப்பம் மேடம்," என்றார் மேலாளர்.

"அதுவரைக்கும் படிச்சிருக்கீங்களா சார்?"

"எனக்கு நேரம் எங்க மேடம்?"

"வாட்ச்தான் இருந்துச்சே."

மச்சான் மூக்கால் சிரித்துவிட்டு, நிலைமை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

நான்காவது பத்தில் ஒரு ரெகுலேட்டரின் கழுத்திலிருந்து சரசரவென்று குமிழி வந்தது. ஓரமாகப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதையும் பிடித்தேன். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். மச்சானின் முகம் தெளிந்தது. நான் தோற்றால்தான் அவர் தப்பிக்க முடியும், ஆனால் நான் ஜெயிக்க ஜெயிக்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மாதிரி மனுஷன்.

"கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்றார் அதிகாரி.

"மச்சான்தான் மேடம். என்னைப் பஸ் ஸ்டாப்புல பார்த்துப் பேச்சுக் குடுத்தார். குடிப்பியான்னு கேட்டார். இல்லைன்னேன். சைக்கிள் ஓட்டத் தெரியுமான்னு கேட்டார். தெரியும்னேன். அவ்வளவுதான் இன்டர்வியூ."

"சைக்கிள் எதுக்கு?"

"அவங்க தங்கச்சிக்குச் சைக்கிள்னா உயிர். அவரு ஓட்டக் கத்துக் குடுத்தாராம். ஒரு தெரு பூரா பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடுவாராம். ஒரு நாள் பிடியை விட்டுட்டார். அவளுக்குத் தெரியலை. அவர் பிடிச்சிருக்கார்னு நினைச்சு அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போயிருக்கா. திரும்பிப் பார்த்தா அவர் தெருக்கோடியில நிக்கிறார்..."

சொல்லிக்கொண்டே போனேன். அந்தத் தெரு, அந்தச் சைக்கிளின் நிறம், விழுந்து முழங்கால் தேய்ந்தது, அதற்கு அவர் அழுதது. இவ்வளவு எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். அதிகாரி இடையிடையே ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன்.

"போதும்," என்றார்.

நான் நிறுத்தினேன். தட்டில் பீஸ் எதுவும் பாக்கியில்லை.

என் வலது கையில் கைக்குட்டை இருந்தது. சொதசொதவென்று நனைந்து, பச்சையாக.

அதிகாரி தான் குறித்து வைத்திருந்த தாளை மேலாளர் பக்கம் திருப்பினார். "முதல் அறுபத்திரண்டு பீஸ், அஞ்சு விநாடி. அறுபத்து மூணாவதுல புள்ளி வச்ச உடனே துடைச்சார். அதுக்கப்புறம் எல்லாத்தையும் துடைச்சார். தண்ணியில வைக்கிற நேரம் நாலு ஆச்சு, மூணாச்சு. கடைசி இருபது பீஸ் ஒரு விநாடி. முக்கினார், எடுத்தார், துடைச்சார். ஈரமா இருக்கிற பொருளை விட்டுவைக்க அவர் கைக்குத் தெரியலை. தண்ணிக்குள்ள இருந்தாலும் அது ஈரம்தானே?"

பிறகு தட்டிலிருந்து மூன்று ரெகுலேட்டர்களை எடுத்து வரிசையாக வைத்தார். கசிகிற ஐந்தில் மிச்சம் மூன்று. மூன்றும் பளபளவென்று இருந்தன. மூன்றிலும் புள்ளி இருந்தது, இழுபட்டு.

"இதை நீங்க பார்த்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"பார்த்துக்கிட்டுதான் மேடம் இருந்தேன்."

"என்ன தெரிஞ்சுச்சு?"

யோசித்தேன். சைக்கிள் தெரிந்தது. தெரு தெரிந்தது. தண்ணீர் தெரியவில்லை. "நான் அங்க இல்லை மேடம்," என்றேன்.

மச்சான் நாற்காலியில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பதிவேட்டுல ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு சார்," என்றார் அதிகாரி. "ஆறு வருஷம். ஒரு தடவைகூட ரெண்டுலேர்ந்து மூணு மணிக்குள்ள நீங்க கீழ வந்து பார்க்கலை. அதையும் எழுதுறேன். ஆலையை இன்னைக்கே நிறுத்தணும். வெளிய போயிருக்கிற எல்லாப் பீஸும் திரும்பி வரணும்."

மச்சானின் வாக்குமூலத்தைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தார். புதுத் தாளில் என்னுடையதை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றார். நாற்காலி முறையைச் சொன்னது எனக்குச் சாதகமாக இருக்கலாம், இருக்காமலும் போகலாம் என்றார். ஒளிக்காமல் பேசுகிற பெண்மணி. அது ஒரு உதவிதான்.

கீழே பெல்ட் நின்றிருந்தது. ஒன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தை நான் சத்தமில்லாமல் பார்த்ததில்லை. பத்துப் பேரும் பையை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். வாஷர் என்னைத் தாண்டும்போது நின்றார். எதுவோ திட்ட வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம்டா, ரெண்டே வருஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்க்ரூ அக்கா கடைசியாக வந்தாள்.

"சொல்லித் தொலைச்சிட்டியா?"

"ஆமா அக்கா."

"நாசமாப் போ," என்றாள். போகிற போக்கில் என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

கேட்டுக்கு வெளியே என் மனைவி நின்றிருந்தாள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "விட்டுட்டாங்களா? என்னண்ணா ஆச்சு?"

மச்சான் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண்ணால் சொன்னார். நான் சொன்னேன். நாற்காலி மாறியது, புள்ளி, அறுபத்து மூன்று, வியாழக்கிழமை. எல்லாவற்றையும் வரிசையாக.

கேட்டு முடித்ததும் அவள் அண்ணனின் கையை விட்டாள்.

"நேத்து சாயங்காலமே உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"துடைச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அண்ணா கண்ணு அசந்துட்டார்னு நான் சொன்னப்போ, எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டீங்க."

"ஆமா."

"ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

அது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அவள் பொய் சொல்லமாட்டாள்.

"இன்னிக்கும் நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா," என்றாள், மெதுவாக, ஒரு நோயாளிக்கு விளக்கிச் சொல்வது போல, "இவரு உள்ள போயிருப்பாரு. நான் உங்களுக்குக் காலம் பூரா சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்திருப்பேன். எதுவும் தெரியாம."

"பாப்பா, விடும்மா," என்றார் மச்சான். "அவன் சொல்லிட்டான்ல. நாற்காலி மாத்தினது என் யோசனை. திட்டணும்னா என்னைத் திட்டு."

"உங்களுக்கும் இருக்கு. வீட்டுக்கு வாங்க."

பஸ் வந்தது. வேலை நேரத்துப் பஸ், காலியாக இருந்தது. அவள் முதலில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். நானும் மச்சானும் அதற்குப் பின் சீட்டில் உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்து, "எத்தனை?" என்றார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு," என்றார் மச்சான். "ஒண்ணாவே குடுங்க."

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தவர், என் பக்கம் திரும்பி, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"என்ன மச்சான்?"

"நடுங்குதுடா."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு குனிந்து பார்த்தேன். ஆமாம், நடுங்கிக்கொண்டிருந்தது.